மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு குத்தகைப் போர்

வணிகவியல் படிக்கிறவனுக்கு உலகமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும் என்று எங்கள் பல்கலைக்கழகம் வெளித்துறைப் பாடம் ஒன்றைக் கட்டாயமாக வைத்திருந்தது. நான் பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் சமூகப் பொருளாதார வரலாற்றை எடுத்தேன். அயர்லாந்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பாசம் எதுவும் இல்லை. அந்தப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது, வெள்ளிக்கிழமை வகுப்பும் கிடையாது. ஒரு நாட்டை நேசிக்க இவ்வளவு காரணம் போதும். கௌசிகனும் இதே தேசபக்தியோடுதான் சேர்ந்திருந்தான். பிரசாந்தி மட்டும் உண்மையிலேயே ஆர்வப்பட்டு வந்திருந்தாள். அது தெரிந்தவுடன் நாங்கள் இருவரும் அவளை எங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டோம்.

எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, அயர்லாந்துக் குத்தகைக்காரர்களும் அவர்களுடைய நிலமும். அவர்களுடைய நிலம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். நிலம் அவர்களுடையது இல்லை என்பதுதான் பாடமே.

கௌசிகன் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு வந்தவன். பெற்றோர் வீடு நகரின் வடக்கு ஓரத்தில், ஆல்பனியில். நான் கரூரிலிருந்து படிக்க வந்தவன். ஜூலை என்றால் இங்கே குளிர்காலம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வந்த முதல் வாரம் அரைக்கைச் சட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தவன் அவன். "நான் இஞ்ச வளந்தனான், எனக்குக் குளிராது" என்று பற்கள் தந்தியடிக்கச் சொன்னான். நட்புக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை என்று நான் முடிவு செய்தேன்.

நான் குடியிருந்தது ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் என்ற புறநகரில், ஒரு வீட்டின் பின்புறம். முன்வீட்டில் பிரசாத்தும் இன்னும் இரண்டு ஐ.டி. பையன்களும் இருந்தார்கள். பின்னால் வேலியோரமாக ஒரு தனிக் கட்டடம். ஒரு காலத்தில் கார் நின்ற இடம். பிறகு காரே வேண்டாம் என்று ஒதுக்கிய இடம். இந்த ஊரில் அதை ஸ்லீப்அவுட் என்பார்கள். வீட்டுச் சொந்தக்காரர் செல்வராஜ் என்பவர் பிரிஸ்பேனில் இருந்தார். அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்குப் பதிலாக குணரத்தினம் அங்கிள் சனிக்கிழமைதோறும் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தேநீர் குடித்து, படிப்பு எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டு வாடகையைப் பற்றி மிகுந்த கூச்சத்தோடு நினைவூட்டுவார்.

அந்த அறையை எடுக்கும்போது, ஒப்பந்தம் ஏதாவது எழுத வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். அவருக்கு மனம் புண்பட்டுவிட்டது.

"தம்பி, நாங்கள் தமிழ் ஆக்கள். எங்களுக்குள்ள என்னத்துக்குப் பேப்பர்? உம்மட வாய்ச்சொல்லும் என்ர வாய்ச்சொல்லும் காணும்."

எனக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தாலும் கலங்குகிறது, காரணம்தான் வேறு.

அறையின் சுவரில் பூஞ்சை உலக வரைபடம்போல் படர்ந்திருந்தது. ஆஸ்திரேலியா மட்டும் எட்டு மாதத்தில் இரண்டு மடங்காகியிருந்ததாக முன்பு இருந்தவன் சொன்னான். நானும் கௌசிகனும் முகமூடி கட்டிக்கொண்டு சுரண்டினோம், பச்சை வண்ணம் அடித்தோம். அந்தப் பச்சை கடையில் தள்ளுபடியில் கிடந்தது. ஏன் தள்ளுபடி என்பது சுவரில் காய்ந்த பிறகு புரிந்தது. தெருவோரம் ஜனங்கள் வெளியே போட்ட கம்பளத்தைச் சுமந்துவந்து விரித்தோம். கூரைக்கடியில் குளிர்காப்புப் பஞ்சு திணித்தோம். பிரசாத்துக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவர் பிரியாணிக்கு ஆசைப்பட்டு ஒரு மூலையில் சிங்க் வைத்துக் கொடுத்தார். கடைசியாக, நடுவில் பலகைத் தடுப்பு அடித்து ஓர் அறையை இரண்டாக்கினேன்.

இரண்டாக்கியது என் தங்கை அபிதாவுக்காக. அவளுக்கு இங்கே நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது, ஜூலையில் சேர வேண்டும். அப்பா ஒரே நிபந்தனை போட்டார். "அண்ணன்கூட, தனி வாசல் இருக்கற வீட்ல இருந்தா அனுப்பறேன். இல்லன்னா கோயம்புத்தூர்ல சேத்துவிடறேன், தினம் பஸ்ல போய்ட்டு வரட்டும்." அம்மா வீடியோவில் அறையை அங்குலம் அங்குலமாகப் பரிசோதித்தாள். கதவுத் தாழ்ப்பாளை என்னைவிட்டு ஐந்தாறு முறை போட்டுத் திறக்கச் சொன்னாள். சிங்க்கில் தண்ணீர் விட்டுக் காட்டச் சொன்னாள். பிறகு, "செவுருக்கு ஏன்டா இப்படி ஒரு பச்சை?" என்று மட்டும் கேட்டுவிட்டு அனுமதி கொடுத்தாள். அபிதாவின் படிப்பு அந்தத் தாழ்ப்பாளில் தொங்கியது என்று சொன்னால் மிகை இல்லை.

நூலகத்தில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் கருத்தரங்குக்குத் தயாரானோம். தயாரானோம் என்றால் பிரசாந்தி படித்துச் சொல்வாள், நாங்கள் ஆச்சரியப்படுவோம். நிலச் சொந்தக்காரன் லண்டனில் இருப்பான். அவன் ஏஜென்ட் குதிரையில் வந்து குத்தகை வசூலிப்பான். விவசாயி சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடித்து, கல்லைப் பொறுக்கி, வேலி கட்டினால், அடுத்த வருடம் குத்தகை ஏறும். நிலம்தான் இப்போது நல்ல நிலமாகிவிட்டதே.

"மச்சான், இது பகல்கொள்ளையெல்லோ" என்றான் கௌசிகன். "வேலி அடைச்சவனும் அவன், கல்லுப் பொறுக்கினவனும் அவன். பிறகு அவனிட்டயே கூடக் கேக்கிறதோ?"

"அதனாலதான் நெறைய பேரு கூரை ஒழுகுனாலும் அடைக்காம விட்டாங்க" என்றாள் பிரசாந்தி. "ஒழுகுற வீடுன்னா வாடகை ஏறாதுல்ல."

"விவரமானவங்க" என்றேன் நான், புதிதாகக் குளிர்காப்பு திணித்த அறையின் சொந்தக்காரன்போல.

நிலம் பறிப்பவன் என்று ஒரு பகுதி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வெளியேற்றப்படும்போது, அந்த நிலத்தைக் கூடுதல் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் ஆள். அவன் ஆங்கிலேயன் இல்லை, பிரபு இல்லை. அதே ஊர்க்காரன், அதே மாதா கோயில், பெரும்பாலும் அதே கஷ்டம். ஊர் சொந்தக்காரனைவிட அவனைத்தான் அதிகம் வெறுத்தது.

"அந்தப் பகுதியை நான் செய்யிறன்" என்றான் கௌசிகன். "எனக்கு அது வடிவா விளங்குது."

அடுத்த சனிக்கிழமை குணரத்தினம் அங்கிள் வந்தபோது அறையை முதல்முறையாக உள்ளே வந்து பார்த்தார். சுவரைத் தடவினார். சிங்க்கைத் திறந்து மூடினார். "அருமையாச் செய்திருக்கிறீர் தம்பி. படமெடுத்து செல்வராஜருக்கு அனுப்புவம், சந்தோசப்படுவார்" என்று கைபேசியை எடுத்தார். நானே விளக்கைப் போட்டு, திரையை விலக்கி, வெளிச்சம் நன்றாக விழும் கோணத்தைக் காட்டினேன். ஒரு படத்தில் நானும் நின்று சிரித்திருக்கிறேன்.

செல்வராஜ் சந்தோஷப்பட்டார். அதற்கடுத்த சனிக்கிழமை அங்கிள் தேநீர் வேண்டாம் என்றார். அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"தம்பி, பிரிஸ்பேனில இருந்து சொல்லிப்போட்டார். இனி அது பழைய வாடகைக்குக் கட்டாதாம். இப்ப ரெண்டு அறையெல்லோ."

"அங்கிள், ரெண்டாக்குனதே நான்தானே."

"ஓம், ஓம். அதைத்தான் நானும் சொன்னனான். கெட்டிக்காரப் பெடியன் எண்டு சொன்னனான்."

புது வாடகையைச் சொன்னார். அப்பா அனுப்புவதும் சூப்பர்மார்க்கெட்டில் நான் மாலை வேலை செய்து சேர்ப்பதும் சேர்ந்தாலும் எட்டாத உயரத்தில் இருந்தது. கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்தால் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அங்கிள் தன் சாக்ஸைப் பார்த்தார்.

"அவகாசம் எண்டால், வேற ஆள் ஓம் எண்டிட்டார் தம்பி. ஜூன் முடிய வருவினம்."

"யாரு?"

"கௌசிகன்தான். உங்கட சிநேகிதன். நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுத்தான் செய்யிறியள் எண்டு நினைச்சன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கதைக்கேல்லையோ?" என்றார்.

முன்வீட்டுப் பிரசாத் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, ஒப்பந்தக் காகிதம் இருந்தால் ஏதாவது செய்யலாம் என்றான். என்னிடம் இரண்டு வாய்ச்சொற்கள் இருந்தன. ஒன்று என்னுடையது.

திங்கட்கிழமை நகர மையத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து உணவுக்கூடத்தில் கௌசிகனைப் பிடித்தேன். அவன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முள்கரண்டியை வைத்துவிட்டான்.

"குணரத்தினம் மாமா சொல்லிட்டாரோ?"

"நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லுவம் எண்டு நாலஞ்சு தரம் வந்தனான் மச்சான். நீ ஒவ்வொரு தரமும் அபிதாவைப் பற்றிக் கதைச்சாய்."

"அப்போ அபிதாவுக்குன்னு தெரிஞ்சேதான் எடுத்திருக்க."

அவன் முள்கரண்டியை நேராக்கி வைத்தான்.

"ஆல்பனில உங்க வீட்ல உனக்குத் தனி ரூம் இருக்கு. எதுக்குடா உனக்கு இது?"

"எனக்கும் ஒரு தேவை இருக்கு. என்ன தேவை எண்டு சொல்ல ஏலாது."

"பெயின்ட் அடிக்கும்போதே பிளான் பண்ணிட்டியா?"

"சும்மா கதையாத. அப்ப அப்பிடி ஒண்டும் இல்லை."

"கேட்டிருக்கலாமே. 'எனக்கு வேணும், விட்டுக்குடு'ன்னு."

"கேட்டிருந்தா விட்டிருப்பியோ?"

யோசித்தேன். "மாட்டேன்."

"பிறகென்ன" என்று அவன் நூடுல்ஸைப் பார்த்தான். சாப்பிடவில்லை. எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில், அது ஆறிப்போவது மட்டும் ஓர் ஆறுதலாக இருந்தது.

புதன்கிழமை கருத்தரங்கு. தலைப்பையும் குழுவையும் மாற்ற முடியாது, மதிப்பெண் மூவருக்கும் ஒன்றுதான். நான் வெளியேற்றங்களைப் பற்றிப் பேசினேன். கூரையைப் பிரித்து, வாசலில் சாமான்களை எறிந்து, குடும்பம் மழையில் நிற்பதை நான் விவரித்தபோது என் குரல் தானாகவே நன்றாக உடைந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அடுத்து கௌசிகன் எழுந்து நிலம் பறிப்பவனைப் பற்றிப் பேசினான். இவ்வளவு நன்றாக அவன் எதையும் பேசி நான் கேட்டதில்லை. பறிப்பவனுக்கும் பசி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், அவன் அரக்கன் இல்லை என்றான். ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை.

பேராசிரியையின் முன்னோர் அயர்லாந்தின் கார்க் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர் கேட்டார், "அப்படிப்பட்ட ஆளை ஊர் என்ன செய்தது?"

கௌசிகன் சொன்னான். அவனோடு யாரும் பேச மாட்டார்கள். கடையில் சாமான் கொடுக்க மாட்டார்கள். கோயிலில் அவன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். மேயோ என்ற மாவட்டத்தில் பாய்காட் என்று ஒரு ஏஜென்ட் இருந்தான். அவனுக்கு எதிராக இதைச் செய்தபோது தபால்காரனும் கொல்லனும்கூட விலகினார்கள். பயிரை அறுக்க வேறு மாகாணத்திலிருந்து ஆட்களும், காவலுக்குப் பட்டாளமும் வர வேண்டியிருந்தது. பயிரைவிடக் காவலுக்குச் செலவு அதிகமானது. அவன் பெயரே உலகத்துக்கு ஒரு சொல்லாகிவிட்டது.

வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன். தன்னை என்ன செய்ய வேண்டும் என்று அவனே தெளிவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டான். எங்களுக்கு அந்த வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது.

அன்று மாலையே எங்கள் வாட்ஸப் குழுவில் அறிவித்தேன். அந்தக் குழுவில் முன்வீட்டுப் பையன்கள், சனிக்கிழமை பேட்மின்டன் ஆடுகிறவர்கள், சில வகுப்புத் தோழர்கள் என்று இருபது பேர் இருப்பார்கள். கௌசிகன் செய்ததைச் சுருக்கமாக எழுதி, இனி யாரும் அவனோடு பேச வேண்டாம், அவன் காரில் ஏற வேண்டாம், அவனோடு சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மேயோ வரலாற்றையும் இரண்டு பத்தி சேர்த்தேன். கை முறுக்கிய ஈமோஜிப் பொம்மைகள் குவிந்தன. "மச்சி, உனக்காக உயிரையே குடுப்பேன்" என்று பிரசாத் எழுதினான். நான் கேட்டது அதைவிடச் சின்ன விஷயம்.

பிரசாந்தி ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் நூலக வாசலில் அவளாகவே வந்தாள்.

"நான் இதுல இல்ல கதிர்."

"ஏன்? அவன் பண்ணது சரியா?"

"சரின்னு சொல்லல. ரூம் விஷயத்துல அவன்கிட்ட நானே சண்டை போட்டேன். ஆனா ஒதுக்கி வைக்கறதுக்கு வர மாட்டேன்."

"இது ஒதுக்கி வைக்கறது இல்ல. பாய்காட். நீதானே படிச்சுச் சொன்ன, ஏழைங்க கைல இருந்த ஒரே ஆயுதம்னு."

"அங்க ஏழைங்க கைல இருந்துச்சு. எங்க ஊர்ல வேறவங்க கைல இருந்துச்சு." அவள் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "நான் ஆறாவது படிக்கறப்போ எங்கப்பா கூலி ஏத்திக் கேட்டாரு. எங்க தெருவுக்கே கடைல எண்ணெய் குடுக்கல. டீக்கடைல டீ இல்ல. மாவு மில்லுல மாவு அரைக்கல. அம்மா ரெண்டு பஸ் மாறிப் போயி அரைச்சுட்டு வருவாங்க. அதுக்கு இங்கிலீஷ்ல பேரு இருக்குன்னுகூட அவங்களுக்குத் தெரியாது."

எங்கள் ஊரிலும் கடைகள் இருந்தன. மாவு மில்களில் ஒன்று என் பெரியப்பாவுடையது. அங்கே எந்தத் தெருவுக்கு அரைப்பார்கள், எந்தத் தெருவுக்கு அரைக்க மாட்டார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்போ நான் என்ன பண்ணட்டும்?" என்றேன்.

"வீடு தேடு" என்றாள். "நானும் தேடறேன்." சொன்னபடி தேடினாள். அவள் அனுப்பிய அறைகளுக்கு எல்லாம் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கும் சேர்த்து வாடகை இருந்தது, அதனால் எனக்குக் கட்டவில்லை.

அவள் பேசியதை நினைத்து நான் புறக்கணிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்துவதற்குள் அது தானாகவே நின்றுவிட்டது. கௌசிகனின் அம்மா ரதிதேவி ஆன்ட்டி முன்வீட்டுப் பையன்களுக்கு எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை பிட்டும் ஆட்டுக்கறியும் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தவன் கௌசிகன்.

"நான் அவன்கூடப் பேசல மச்சி" என்றான் பிரசாத். "டப்பாவ வாங்குனேன். அவ்ளோதான்."

"சாப்டியா?"

"சாப்ட்டேன். ஆனா பேசல."

"நல்லாருக்குன்னு சொன்னியா?"

"தலைய ஆட்டுனேன்."

மேயோவில் துப்பாக்கி ஏந்திய பட்டாளத்தை எதிர்த்து நின்றார்கள். இங்கே ஒரு எவர்சில்வர் டப்பா போதுமானதாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை பேட்மின்டன் மைதானம் அவன் பெயரில் பதிவாகியிருந்ததால், மைதானத்துக்குள் மட்டும் பேசலாம் என்று மற்றவர்கள் திருத்தம் கொண்டுவந்தார்கள். பிறகு மைதானத்துக்குப் போகும் காரிலும் பேசலாம் என்று ஆயிற்று. மாதக் கடைசியில் அவனோடு பேசாத ஒரே ஆள் நான்தான். இதில் ஒதுக்கப்பட்டவன் யார் என்று வெளியாள் ஒருவன் பார்த்தால் தப்பாகத்தான் சொல்வான்.

நான் காலி செய்த சனிக்கிழமை உதவிக்கு வருவதாக ஐந்து பேர் சொல்லியிருந்தார்கள். ஐந்து பேருக்கும் பேட்மின்டன் இருந்தது. வாடகை வேனை வாசலில் நிறுத்திவிட்டு நான் தனியாகப் பெட்டிகளைச் சுமந்தேன். பெட்டிகளை ஒருவன் தூக்கலாம். மெத்தையை முடியாது. அதைக் கதவு வரைக்கும் இழுத்துவிட்டு, கதவிலேயே மாட்டி நின்றபோது மறுமுனை தானாக உயர்ந்தது. கௌசிகன் நின்றான். அவன் ஆட்டத்துக்குப் போகவில்லை.

போய்விடு என்று சொல்ல வேண்டும். அதற்கு அவனோடு பேச வேண்டும். அதனால் தூக்கினேன்.

"இடப்பக்கம் வளை மச்சான்" என்றான்.

பதில் சொல்லாமல் இடப்பக்கம் வளைத்தேன். அவன் அறையிலிருந்து, அதாவது அவனுடையதாகிவிட்ட என் அறையிலிருந்து, என் சாமான்களை எல்லாம் அவனே என்னோடு சேர்ந்து வேனில் ஏற்றினான். கடைசியில் ஒரு தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். நான் வாங்கவில்லை. அதை வேனின் முன் இருக்கையில் வைத்துவிட்டுப் போனான். நகர மையத்துக்குப் போகும் வழியில் தாகமாக இருந்தது, குடித்தேன். அங்கே எனக்குக் கிடைத்திருந்தது நான்கு மாணவர்கள் அடுக்குக் கட்டில் போட்ட ஜன்னலில்லாத ஓர் அறை. ஜன்னல் உள்ள அறைகளுக்கு வேறு வாடகை. பெண் ஒருத்தியை அங்கே கூட்டிவர முடியாது என்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மேல் கட்டிலில் படுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை முடிவதற்குள் அபிதா கரூரிலிருந்து அழைத்தாள்.

"அண்ணா, எனக்கு ரூம் கெடைச்சிருச்சு."

"எப்படி? எங்க?"

"அங்க வேலை பாக்கற தமிழ் நர்ஸுங்க குரூப் ஒண்ணு இருக்கு. நிருஜான்னு ஒரு அக்கா போட்டிருந்தாங்க. பாதி ரூம் காலியா இருக்கு, நர்சிங் படிக்கற பொண்ணுன்னா நல்லதுன்னு. போட்டோ பாத்ததும் தெரிஞ்சு போச்சு." அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அந்தப் பச்சைய உலகத்துல வேற யாருண்ணா அடிப்பா?"

நிருஜா கௌசிகனின் அக்கா. நான் எழுந்து உட்கார்ந்தேன். மேல் கட்டில் என்பதால் தலை கூரையில் இடித்தது.

"அவங்க தம்பிதான் நம்மள வெளியேத்துனவன், அபிதா."

"தெரியும். அந்தக்காவே சொன்னாங்க. அவங்க புருஷன் வீட்ட விட்டு வந்துட்டாங்க. அடிப்பானாம். அவங்க அப்பா அம்மாவுக்கு வெளில தெரியக் கூடாது. யாராச்சும் வந்தா இவங்கள உள்ள போயி இருக்கச் சொல்றாங்களாம். அதுக்குத்தான் தம்பி இந்த இடத்த எடுத்துக் குடுத்திருக்காரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்களாம்."

"உன்கிட்ட மட்டும் சொல்லிட்டாங்க?"

"நான் கேட்டேன்."

"நானுந்தான் அவன்கிட்ட கேட்டேன்."

"நீ கோவமா கேட்டிருப்ப. நான் மொதல்ல வாடகை எவ்ளோன்னு கேட்டேன்."

வாடகையைச் சொன்னாள். பாதி அறைக்கு அவர்கள் கேட்டது, முழு அறைக்கு நான் கொடுத்துவந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சொந்தக்காரனிடம் குத்தகைக்கு எடுத்துத் துண்டு போட்டு உள்குத்தகைக்கு விடுகிறவனை அயர்லாந்தில் இடைத்தரகன் என்பார்கள். அதைப் பற்றி நான்தான் கருத்தரங்குக் கட்டுரையில் கடுமையாக எழுதியிருந்தேன்.

"அவங்க கஷ்டம் சரி" என்றேன். "அதுக்காக என் இடத்த எனக்குத் தெரியாம எடுத்தது சரியாயிடுமா?"

"ஆகாது. தப்புதான்."

"அப்பறம்?"

"தப்புன்னு சொல்லிட்டு நான் கோயம்புத்தூர் பஸ்ல போகணுமா?"

கீழ்க் கட்டில் பையன் குறட்டையை மாற்றிப்போட்டான். பிற்பகலில் தூங்குவதற்கு அந்த அறை வசதியானது, எந்நேரமும் ஒரே இருட்டு.

"அப்பா ஒத்துக்க மாட்டாரு" என்றேன். "அண்ணன்கூட இருக்கணும்னாரு."

"நீ அங்கதான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன். அந்தக்கா பக்கத்து வீட்ல இருக்காங்கன்னு சொல்லியிருக்கேன். அம்மா ஞாயித்துக்கெழம சாயந்தரம் வீடியோ போடுவா இல்ல, அப்ப மட்டும் நீ வந்து உக்காந்துக்கோ."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"நிருஜாக்காகிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க."

என் கையில் இன்னொரு வழி இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னால் போதும். கௌசிகனுக்கு அந்தப் பாதி வாடகை கிடைக்காமல், புது வாடகையைத் தாக்குப்பிடிக்க முடியாமல், அவனும் அதை விட வேண்டி வரலாம். மேயோவில் சாதித்ததைவிடச் சுத்தமான வெற்றி. அப்பாவின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். அபிதா கரூரில் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கலர் சட்டை போட்டுட்டு வரணும்?" என்றேன். "அந்தச் சுவத்துக்கு எதுவுமே ஒத்துவராது."

ஜூலையில் அபிதா வந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலும் பஸ்ஸும் மாறி மவுண்ட் வெல்லிங்டன் போனேன். நிருஜா அக்கா கதவைத் திறந்தார். நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் நேராக என் கண்ணைப் பார்க்க முயன்று, பாதியில் கைவிட்டு, "வாங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன்" என்று சிங்க்குப் பக்கம் போனார். கௌசிகன் ஒரு நாற்காலியில் இருந்தான். எழுந்து அதை எனக்குத் தந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அபிதா என் புத்தகங்கள் சிலவற்றைக் கட்டிலில் பரப்பி, சுவரில் என் துண்டைத் தொங்கவிட்டு, ஒருவன் இங்கே வாழ்வதற்கான தடயங்களைத் திறமையாக உருவாக்கியிருந்தாள்.

அம்மா வந்தாள், திரையில். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். "நல்லா வச்சிருக்கடா" என்றாள். என் வாழ்க்கையில் அவள் என்னை இப்படிப் பாராட்டியதில்லை. "அது யாரு கீழ உக்காந்திருக்கறது?"

"என் ஃப்ரெண்ட். கௌசிகன்."

"அவன்தான் உனக்கு அன்னிக்கு ஜாக்கெட் குடுத்த பையனா? குடு அவன்கிட்ட."

கொடுத்தேன்.

"தம்பி, இவன் கோவக்காரன். சட்டுன்னு யார்கூடவாவது பேசாம இருந்துருவான். நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

கௌசிகன் என்னைப் பார்த்தான். "ஓம் அம்மா" என்றான். "நான் பாத்துக்கொள்ளுறன்."

"வீடு ரொம்ப முக்கியம் தம்பி. நல்ல வீடு கெடைக்கறது கஷ்டம். விட்டுறாதீங்க."

"விடமாட்டம் அம்மா" என்றான் அவன், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

அழைப்பு முடிந்தது. அபிதா என் துண்டை மடித்து என் பையில் வைத்தாள். நிருஜா அக்காவின் தேநீர் நன்றாக இருந்தது, அதைச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். கௌசிகன் என்னை வாசல் வரைக்கும் கொண்டுவிட வந்தான். நாற்பது நாட்களுக்குப் பிறகோ ஐம்பது நாட்களுக்குப் பிறகோ அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை மன்னிப்பாகவோ திட்டாகவோ இருந்திருக்கலாம். எனக்கு வேறு வேலை இருந்தது. அம்மா ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவாள்.

"அடுத்த ஞாயிறு வரலாமா?" என்று கேட்டேன்.

அவன் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றான்.

"அக்காட்ட கேட்டுச் சொல்லுறன்" என்றான்.